போதகர் சம்ப் கழற்றிய நாள்

போதகர் தேவராஜா அந்தக் கல்லைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பிக்கப் அதற்கு மேலாகப் போய்விடும் என்று நினைத்தார். பிக்கப்பின் பெரும்பகுதி போகத்தான் செய்தது.

தென்மராட்சியில், வயல்களுக்கு நடுவே போகும் ஒரு மண்பாதையில் நடந்த சங்கதி அது. சுகமில்லாமல் இருந்த சபையார் ஒருவரைப் பார்த்துவிட்டு அவரும் மனைவி நவமணியும் அச்சுவேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கீழே ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்ன சத்தம்?” என்றார் நவமணி.

“ஒண்டுமில்லை. சின்னக் கல்லொண்டு.”

“நான் இறங்கிப் பாக்கட்டோ?”

“தேவையில்லை. இது ஃபோர்வீல், நவம். இப்பிடியான றோட்டுக்கெண்டே செய்தது.”

வெளிநாட்டுச் சபையொன்று பத்து வருடத்துக்கு முன்பு அன்பளிப்பாகக் கொடுத்த பழைய பிக்கப் அது. நான்கு சில்லுகளும் இழுக்கும். ஒரு மாரிகாலத்தில் சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்தையே இழுத்துக் கரையில் விட்டிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லும்போது, உழவு இயந்திரத்தைத் தானே தோளில் சுமந்து வந்ததுபோலப் போதகரின் முகம் இருக்கும்.

அடுத்த நாள் காலையில் பிக்கப் நின்ற இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் கிடந்தது. அதற்கடுத்த நாள் அது சாப்பாட்டுக் கோப்பையளவு ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளைச் சேலை உடுத்து வந்த அம்மாமார், தேவாலய முற்றத்தில் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து போனார்கள். நவமணி பழைய கேக் தட்டொன்றைக் கொண்டுபோய் இஞ்சினுக்குக் கீழே வைத்தார். அதன்பிறகு பிக்கப் எங்கே போனாலும் அந்தத் தட்டும் கூடவே போனது.

நகரத்துக் கராஜ்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, இஞ்சினின் அடியில் ஒயில் தங்கி நிற்கும் இரும்புத் தொட்டியில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்றார். சம்ப் என்று அதற்குப் பெயர். அதைக் கழற்றி, ஒட்டி, திரும்பப் பூட்ட வேண்டும். மூன்று கிழமைக்குப் பிறகு கொண்டுவரச் சொன்னார். ஆனால் அறுவடை நன்றி ஆராதனைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சபையாரின் தோட்டங்களிலிருந்து பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏற்றிவர வேறு வாகனமில்லை.

“நானே கழட்டிறன்” என்றார் போதகர்.

நவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். போதகர் கைபேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். எந்த நாட்டுக்காரரோ, தாடி வைத்த ஒருவர், பாடிக்கொண்டே ஒரு பிக்கப்பின் அடியிலிருந்து சம்ப்பைக் கழற்றி எடுத்தார். எல்லாமாகப் பதினாலு நிமிடம்.

“பதினெட்டு போல்ட். அவ்வளவுதான். கழட்டினால் கையிலை வரும்.”

நவமணி உடுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவர். எதையும் இரண்டாம் முறை பார்த்த பிறகே நம்புவார். வீடியோவையும் இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

“உவர் கழட்டிறது வேறை மாதிரி வாகனம் போலை கிடக்கு.”

“கம்பனி ஒண்டுதான்.”

“நான் கம்பனியைச் சொல்லேல்லை.”

“இஞ்சாரும், இஞ்சின் எண்டால் எல்லாம் இஞ்சின்தான்.”

நவமணி கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். ஆய்வுகூடத்தில் பிள்ளையொன்று பிழையான போத்தலைக் கையில் எடுத்தால், ஆபத்தில்லாதவரைக்கும் பேசாமல் நின்று பார்ப்பது அவர் பழக்கம்.

அடுத்த வியாழக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. காலை ஏழு மணிக்கே போதகர் தொடங்கிவிட்டார். தேவாலயத்தில் கூரை ஏறுவதென்றாலும் கிணறு இறைப்பதென்றாலும் அவர் போடும் பழுப்பு நிற நீளக் காற்சட்டை சபை முழுவதற்கும் தெரிந்தது. ஒரே துணியில் இரண்டு தைத்து வைத்திருந்தார். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிக்கப்பின் முன்பக்கத்தை ஜக் வைத்து உயர்த்தி, இரண்டு பக்கமும் தடித்த பனங்குற்றிகளை முட்டுக் கொடுத்தார். அதை மட்டும் நவமணி வந்து கையால் அசைத்து, காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் அவரைக் கீழே போக விட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சண்முகநாதன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக அடுத்த வீட்டுக்காரர். பேப்பருக்கு மேலால் பிக்கப் நன்றாகத் தெரிந்தது. அன்று ஒரே பக்கத்தை அவர் இரண்டு மணித்தியாலம் வாசித்தார். கேட்காத வேலைக்குப் போவதில்லை என்பது அவருடைய கொள்கை. யாரையும் கேட்பதில்லை என்பது போதகருடைய கொள்கை.

ஒயிலை வடிய விடுவது சுலபமாக முடிந்தது. பாதி வாளிக்குள்ளும் மீதி போதகரின் சட்டைக்குள்ளும் போனது. பிறகு போல்ட்கள். முதல் பன்னிரண்டும் ஒழுங்காகக் கழன்றன. பின்பக்கத்தில் இருந்த இரண்டைக் கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம் எடுத்தது. பதினெட்டையும் கழற்றி ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுவிட்டு, போதகர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு காத்திருந்தார். சம்ப் வரவில்லை. பழைய சிலிக்கன் பசை அதை இஞ்சினோடு இறுகப் பிடித்து வைத்திருந்தது.

“நவம்! அந்தப் பெயின்ற் சுரண்டிற தகட்டைக் கொண்டு வாரும்!”

தகட்டை இடுக்கில் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒன்பதரை மணியளவில் சம்ப் ‘பளக்’ என்று விட்டுக் கொடுத்தது. ஒரு அங்குலம் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

போதகர் இழுத்தார். தள்ளினார். இடப்பக்கம் சரித்தார். வலப்பக்கம் சரித்தார். சம்ப் கீழேயும் வரவில்லை, இனி மேலேயும் போகாது போலிருந்தது.

நவமணி ரோச் லைற்றோடு வந்து குந்தியிருந்து பார்த்தார்.

“அந்த வீடியோவிலை உந்த உருண்டை இல்லை.”

“எந்த உருண்டை?”

“உங்கடை மூக்குக்கு நேரை இருக்கிற உருண்டை.”

போதகர் பார்த்தார். சம்ப்புக்கு முன்னால், அதன் அடிப்பக்கத்தை அணைத்துக்கொண்டு, பெரிய பூசணிக்காயளவில் ஒரு இரும்பு உருண்டை இருந்தது. முன்சில்லுகள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சல் அது. வீடியோக்காரரின் வாகனத்தில் பின்சில்லு மட்டும் இழுக்கும். ஆகவே முன்னுக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் அவருக்குப் பாட்டு வந்திருக்கிறது.

“ஃபோர்வீல் எல்லோ” என்றார் நவமணி.

“நான் யோசிக்கிறன்” என்றார் போதகர் கீழேயிருந்து.

அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நவமணி குசினிக்குப் போய் மூன்று கோப்பை தேத்தண்ணி போட்டார். ஒன்றைப் பிக்கப்பின் கீழே நீட்டினார். ஒன்றை மதிலடிக்குக் கொண்டுபோனார்.

“அண்ணை, தேத்தண்ணி.”

சண்முகநாதன் பேப்பரை மடித்தார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி. சந்நிதி முருகன் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு, போகாமல் நின்றிருந்தார்.

“டிபரன்சல் மறிக்குதோ, ரீச்சர்?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“காலமை ஏழு மணிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் அண்ணை சொல்லேல்லை?”

“ஐயா கேக்கேல்லையே.”

“சரி, இப்ப நான் கேக்கிறன்.”

சண்முகநாதன் தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்து முடித்தார். அவ்வளவு நேரமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தவர்போல, மதிலைச் சுற்றிக்கூட வராமல் ஏறியே குதித்தார். வெள்ளை வேட்டியோடு கீழே படுக்க முடியாது. நவமணி போதகரின் மற்றப் பழுப்புக் காற்சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆளும் ஏறக்குறைய அதே உயரம்.

அவர் கீழே போய் இரண்டு நிமிடம் கிடந்தார்.

“ஐயா, இந்த டிபரன்சலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற போல்டுகளைக் கழட்டி, கீழை ஜக் குடுத்து, நாலு அங்குலம் இறக்கோணும். பேந்து சம்ப்புக்குள்ளை ஒரு வடி இருக்கு. ஒயிலை உறிஞ்சிற வடி. தேத்தண்ணி வடி மாதிரித்தான். அதின்ரை ரெண்டு நட்டையும் இந்த இடுக்குக்குள்ளாலை கைவிட்டுக் கழட்டினால்தான் சம்ப் பின்பக்கத்தாலை வரும்.”

“நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்” என்றார் போதகர்.

“யோசிச்சிருப்பியள்.”

இருவருமாக டிபரன்சலை இறக்கினார்கள். இறக்கும்போது போதகர் ஏழு யோசனை சொன்னார். எட்டாவதைத் தொடங்க, சண்முகநாதன் தலையை வெளியே நீட்டினார்.

“ஐயா, அச்சுவேலிச் சந்தையடிக்கு ஒருக்கால் போட்டு வாறீங்களோ? திருப்பிப் பூட்டேக்கை புதுச் சிலிக்கன் வேணும். வடிக்கு இடையிலை வைக்கப் புதுக் கஸ்கட்டும் வேணும். நீங்கள் போனால்தான் பாத்து எடுப்பியள்.”

போதகருக்கு அந்தக் கடைசி வசனம் பிடித்திருந்தது. குளித்து, உடுப்பு மாற்றி, சப்பாத்துப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டார். அவருடைய செருப்புகள் பிக்கப்பின் பக்கத்திலேயே கிடந்தன. நவமணி சமையலைப் பார்க்க உள்ளே போனார்.

கால் மணித்தியாலம் கழிய, கேற்றைத் திறந்துகொண்டு கத்தரீனா வந்தார்.

கத்தரீனா ஓய்வுபெற்ற தபாலதிபர். வயது அறுபத்து நாலு. அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் தங்கச்சி அபிகாயிலோடு இரண்டு வருடமும் நாலு மாதமும் பேசாமல் இருப்பவர். தேவாலயத்தில் ஒருவர் இடப்பக்கம் இருந்தால் மற்றவர் வலப்பக்கம். காரணம் யாருக்கும் தெரியாது. சமாதானம்பண்ணுவதைப் பற்றிப் போதகர் இந்த இரண்டு வருடத்தில் மூன்று தரம் பிரசங்கம் செய்திருந்தார். மூன்று தரமும் இரண்டு பேரும், அது மற்றவருக்குத்தான் என்று நினைத்துத் தலையாட்டிக் கேட்டார்கள்.

கத்தரீனா முற்றத்தில் பிக்கப்பைப் பார்த்தார். கீழே பழுப்புக் காற்சட்டை போட்ட இரண்டு கால்கள். பக்கத்தில் போதகரின் செருப்புகள்.

“ஐயா, நான் கத்தரீனா. எழும்ப வேண்டாம், நீங்கள் வேலையைப் பாருங்கோ.”

கால்கள் சற்று அசைந்தன. சண்முகநாதனால் எழும்பவே முடியாது. ஒரு கை இடுக்குக்குள்ளே வடியின் நட்டைப் பிடித்திருந்தது. மற்றக் கையில் சம்ப்பின் பாரம். சம்ப் விழாமலிருக்க ரின்னிலிருந்து எடுத்துப் பூட்டி, திரும்பக் கழற்றிய ஒரு போல்ட் வாயில்.

“ம்ம்” என்றார்.

“ஞாயிற்றுக்கிழமை அறுவடை மேசைக்குப் பூ வைக்க நான் வரேல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான். வாழைக்குலை கட்டிறது அபிகாயிலாம். அவள் ஒரு பக்கம் நிக்க நான் மற்றப் பக்கம் நிண்டு பூ வைக்கேலாது.”

“ம்ம்.”

கத்தரீனா கொஞ்சம் பொறுத்தார். வழமையாக இந்த இடத்தில் போதகர், ‘அம்மா, வேதத்திலை என்ன சொல்லியிருக்கெண்டால்’ என்று தொடங்குவார். இன்று ஒன்றும் வரவில்லை. இரும்பில் இரும்பு உரசும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியொன்றை இழுத்து, கால்களுக்குப் பக்கத்தில் வைத்து இருந்தார்.

“நீங்கள் எத்தினையோ தரம் கேட்டனீங்கள், என்ன கோபமெண்டு. நான் சொல்லேல்லை. சொன்னால் சிரிப்பியள்.”

கீழேயிருந்து சிரிப்பு எதுவும் வரவில்லை.

“அவளின்ரை மகளின்ரை கலியாணத்திலை, ஐயா. முதல் நாளிலையிருந்து நான்தான் பின்னாலை நிண்டனான். இருநூற்றைம்பது துண்டு கேக் வெட்டி, கடதாசியிலை சுத்தி, ரிப்பன் கட்டினனான். கட்டி முடிச்சுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியிலை வந்து பாத்தால், குடும்பப் படம் எடுத்து முடிஞ்சுது. மாப்பிளை பக்கத்து ஆக்கள், அவையின்ரை ஆக்கள், ஆர் ஆரோவெல்லாம் நிக்கினம். கமராக்காரன் சாமானைக் கட்டுறான். என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை.”

அவர் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

“நான் சாப்பிடாமல் வந்திட்டன். பேந்து அல்பம் வந்தது. சபையெல்லாம் காட்டினவை. நூற்றியிருபது படம். அதிலை ஒரு படத்திலை, பின்னுக்குக் கதவடியிலை, என்ரை முழங்கை மட்டும் இருக்கு. என்ரை முழங்கைதான், எனக்குத் தெரியும். அந்தச் சீலை நான்தான் கட்டினது.”

“ம்ம்” என்றது கீழே. இந்த ‘ம்ம்’ முந்தியவற்றைவிடக் கொஞ்சம் நீளம்.

“எங்களுக்கு அம்மா செத்த பிறகு அவளை வளத்தது நான். அவளுக்கு என்ரை முகம் ஞாபகம் வரேல்லை எண்டால், நான் என்ன செய்யிறது, ஐயா? நீங்களே சொல்லுங்கோ.”

கேள்வி வந்துவிட்டது. சண்முகநாதன் பெரிய சங்கடத்தில் இருந்தார். தான் யாரென்று சொன்னால் அந்த மனுசி வெட்கத்தில் இந்த ஒழுங்கையாலேயே இனி நடக்காது. சொல்லாவிட்டால் அது ஏமாற்று. ‘ம்ம்’ இதற்கு மறுமொழி ஆகாது. நாக்கால் போல்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கினார்.

“அவவுக்கு உது தெரியுமோ?”

இரும்புக்குள்ளால் வந்த குரல் யாருடையது போலவும் இருக்கவில்லை.

“எது?”

“நீங்கள் படத்திலை இல்லையெண்டு.”

கத்தரீனா யோசித்தார். “தெரியாமல் இருக்குமே? அல்பம் அவளின்ரை வீட்டிலைதானே இருக்கு.”

“படத்திலை இருக்கிற ஆக்களைத்தான் ஆரும் பாப்பினம். இல்லாத ஆளைத் தேடிப் பாக்க மாட்டினம். நீங்கள் சொன்னனீங்களோ?”

“நான் ஏன் சொல்லுவான்? அவளுக்கே விளங்கோணும்.”

“சத்தம் கேட்டால்தான் எந்த இடம் பழுதெண்டு எனக்குத் தெரியும், அம்மா. சத்தமே போடாத வாகனத்தை நான் என்னெண்டு திருத்திறது? போய்ச் சொல்லுங்கோ. முழங்கையையும் காட்டுங்கோ.”

கத்தரீனா கைலேஞ்சியை மடித்து வைத்தார். பிறகு எழும்பி, வாளியை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, “போட்டு வாறன்” என்று சொல்லிக் கேற்றைச் சாத்திக்கொண்டு போனார்.

சண்முகநாதன் போல்டை வெளியே துப்பினார். திரும்பிப் பார்த்தபோது சில்லுக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்களும் ஒரு சேலைக் கரையும் தெரிந்தன.

“நீங்களும் கேட்டனீங்களோ, ரீச்சர்?”

“குசினி ஜன்னல் திறந்து கிடந்தது” என்றார் நவமணி. “கறி அடிப்பிடிச்சுப் போச்சு.”

போதகர் சிலிக்கனோடும் கஸ்கட்டோடும் வந்து சேர, சம்ப் வெளியே வந்திருந்தது. முற்றத்தில் பழைய சாக்கின் மேல் அதை வைத்து மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு மூலையில் கைமுட்டி இறங்கும் அளவுக்குப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு.

“சின்னக் கல்லொண்டு” என்றார் நவமணி.

போதகர் அதைக் கேட்காதவர்போல, “பாத்தீரோ, வடி சுத்தமாய்த்தான் இருக்கு” என்றார்.

சண்முகநாதன் கையைத் துடைத்தார். “ஐயா, நீங்கள் சந்தைக்குப் போன நேரம் உங்கடை வேலையொண்டை நான் செய்துபோட்டன்.”

“என்ன வேலை?”

“கத்தரீனாம்மா வந்தவ. நீங்கள் எண்டு நினைச்சு என்னட்டைக் கதைச்சிட்டுப் போறா. எனக்கு வாயைத் திறக்கேலாமல் போச்சு.”

போதகரின் கண்கள் விரிந்தன. “தங்கச்சியின்ரை விஷயமோ? என்ன சொன்னவ? ரெண்டு வருஷமாய் நான் கேக்கிறன், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!”

“அதைச் சொல்லேலாது.”

“ஏன்?”

“அவ உங்களை நம்பிச் சொன்னது. கேட்டது நான். ஆகவே அது இப்ப என்னட்டைத்தான் இருக்கு. ஐயா கோவிக்கக் கூடாது.”

போதகர் மனைவியின் பக்கம் திரும்பினார். “நீரும் கேட்டனீரோ?”

“நான் கறியைப் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார் நவமணி.

“என்ன மறுமொழி சொன்னனீங்கள் எண்டாவது சொல்லுங்கோ, அண்ணை. ஏதும் பிழையாய்ச் சொல்லிப்போட்டால் பழி எனக்கெல்லோ.”

“டிப்போவிலை சொல்லுறதைத்தான் சொன்னனான்” என்றுவிட்டு, சண்முகநாதன் வேட்டிக்கு மாறிக்கொண்டு, பின்னேரப் பூசைக்காவது போய்ச் சேரலாம் என்று சந்நிதிக்கு வெளிக்கிட்டார்.

வெள்ளிக்கிழமை சண்முகநாதன் சம்ப்பைத் தனக்குத் தெரிந்த ஒரு வெல்டரிடம் கொண்டுபோய் வெடிப்பை ஒட்டுவித்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை காலையில் திரும்பப் பூட்டினார்கள். பதினெட்டு போல்ட்டில் பதினேழுதான் ரின்னுக்குள் இருந்தது. பதினெட்டாவதைப் போதகர் முற்றமெல்லாம் தேடினார். சண்முகநாதன் அதைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எங்கே இருந்தது என்று போதகர் கேட்டார். அதையும் அவர் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் போதகருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சாப்பிடும்போது, தேத்தண்ணி குடிக்கும்போது, ஜெபம் முடிந்த கையோடு என்று ஏழெட்டுத் தரம், வேறெதையோ கேட்பதுபோலக் கத்தரீனாவின் கதையைத் தொட்டுப் பார்த்தார். நவமணி ஒவ்வொரு முறையும் கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டார்.

சனி பின்னேரம் பிக்கப் ஐந்து தோட்டங்களுக்குப் போய் நிறைந்து வந்தது. கீழே வைத்த கேக் தட்டு காய்ந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்க மேடையில் ஏறி நிமிர்ந்து பார்த்தார். அறுவடை மேசையில் வாழைக்குலையும் இருந்தது, பூவும் இருந்தது. இடப்பக்கம் மூன்றாவது வாங்கில் கத்தரீனா. அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட, அபிகாயில். பாட்டுப் புத்தகமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். போதகர் தான் ஆயத்தம் செய்து வந்த பிரசங்கத்தில் ஒரு பக்கத்தைத் தவறவிட்டுவிட்டார். அன்று ஆராதனை நேரத்துக்கு முடிந்தது. பலர் கையைப் பிடித்து, நல்ல பிரசங்கம் என்றார்கள்.

கத்தரீனா கடைசியாக வந்தார். போதகரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, வியாழன் பின்னேரமே போனனான். முழங்கையைக் காட்டினனான். அவள் அழுதாள். என்னைத் தேடினவளாம், கமராக்காரன் அவசரப்படுத்தினவனாம். நான் சாப்பிடாமல் போனதுக்கு அவளுக்கு ரெண்டு வருஷக் கோபம். ரெண்டு பேரும் நல்லாய்ச் சண்டை பிடிச்சுப்போட்டுச் சாப்பிட்டனாங்கள்.”

போதகருக்கு முழங்கை விளங்கவில்லை. ஆனால் நன்றி விளங்கியது. அந்தக் கைகள் சூடாக இருந்தன. இந்தச் சபைக்கு வந்த ஆறு வருடத்தில் இப்படியொரு நன்றி அவருக்குக் கிடைத்ததில்லை. ‘எல்லாம் ஆண்டவர் செயல்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கொஞ்சத் தூரத்தில் நின்ற நவமணி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றார் போதகர், “அண்டைக்குப் பிக்கப்புக்குக் கீழை கிடந்தது நானில்லை.”

அவருடைய காது மடல்கள் சிவந்துவிட்டன. கத்தரீனா கையை விடவில்லை.

“எனக்குத் தெரியும், ஐயா.”

“தெரியுமோ!”

“பாதியிலையே தெரியும். நீங்கள் எண்டால் நான் ரெண்டு வசனம் சொல்ல முதல் பத்து வசனம் சொல்லியிருப்பியள்.”

நவமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“அப்ப ஏன் அம்மா தொடர்ந்து சொன்னனீங்கள்?” என்றார் போதகர். உண்மையாகவே அறிய வேண்டும்போல இருந்தது அவருக்கு.

“ஆரெண்டு தெரியாது. ஆனால் கேக்கிற ஆளெண்டு தெரிஞ்சுது. எழும்பி வந்து முகத்தைக் காட்டியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆரெண்டு நீங்களும் எனக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் பேந்து றோட்டிலை கண்டால் வெக்கமாயிருக்கும்.”

அந்த நேரம் முற்றத்தில் நின்ற பிக்கப்புக்குக் கீழே, ஒயில் கசிகிறதா என்று பார்க்க வந்த சண்முகநாதன் மல்லாந்து கிடந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கத்தரீனா அவற்றைக் கண்டார். சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பி, வந்துகொண்டிருந்த தங்கச்சியின் கையைப் பிடித்தார்.

“வா அபி, அந்தப் பக்கத்தாலை போய் நிப்பம். வெயில்.”

அந்தப் பக்கத்தில்தான் வெயில் அடித்தது.

கால்களுக்குரியவர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று உறுதியான பிறகுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். உடுவிலில் அபிகாயிலின் சம்பந்தி வீட்டுக்கு ஒரு வாழைக்குலை கொடுக்க வேண்டியிருந்தது. போதகர் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். நவமணி முன்னால் ஏற, சகோதரிகள் இரண்டு பேரும் பின் சீற்றில் ஏறினார்கள்.

கேற்றைத் தாண்டவில்லை, அவர்கள் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வருடமும் நாலு மாதமும் ஒழுங்கையில் நடந்த சகல விஷயங்களையும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியிருந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் காணியை விற்றார்கள், புதிதாக வந்த டொக்டர் யாரின் உறவு. ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார்.

பாதி வழியில் போதகர் தொண்டையைச் செருமினார். வாயும் திறந்தார். நவமணி அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரவள்ளித் தோட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் வாயை மூடிக்கொண்டு கியரை மாற்றினார்.

“ம்ம்” என்றார், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கும்படியாக.

ஒருவரும் கவனிக்கவில்லை. கத்தரீனா புது டொக்டரின் தாய்வழிச் சொந்தத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.